பழைய கென்மோர், மேடாக், ஃபிரிஜிடேர்: மேல இருக்க பேரை விடுங்க, அடியில என்ன ஓடுதுன்னு பாருங்க

மார்ச் 2

கேள்வி இதான்: "அண்ணா, நான் மிச்சிகன்ல வாடகைக்கு எடுத்திருக்க வீட்டு பேஸ்மென்ட்ல ஒரு பழைய டாப் லோடு வாஷிங் மெஷின் கெடக்கு. மேல கென்மோர்னு போட்டிருக்கு. ஹவுஸ் ஓனர் பெரியவர் அதை மேடாக் செஞ்சதுங்கறார், பக்கத்து வீட்டுக்காரர் சத்தியம் பண்ணி ஜிஇ-ங்கறார். ஓடுது, ஒழுகல. லேபிள் இருந்த எடம் துரு புடிச்சுப் பாதி உரிஞ்சு போச்சு. என்னைக் கேட்டா அந்தக் காலத்துல எல்லாமே ஒரே மெஷின்தான், ஸ்டிக்கர் மட்டும் மாத்தி ஒட்டியிருப்பான். யார் செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

மார்ச் 2, ராத்திரி

ஸ்டிக்கர்னு சொன்னது பாதி சரி தம்பி. கென்மோர்ங்கிறது சியர்ஸ்ங்கிற அமெரிக்கக் கடையோட சொந்த பிராண்டு, செஞ்சு குடுத்தது வேற ஆளுங்க. லேபிள்ல மாடல் நம்பரோட முதல் மூணு எண், அதுக்கப்புறம் ஒரு புள்ளி, அந்த மூணு எண்தான் யார் வீட்டுப் புள்ளைன்னு சொல்லும். 110-னா வேர்ல்பூல். 363-னா ஜிஇ. 417-னா ஃபிரிஜிடேர், அதுவும் வொய்ட் கன்சாலிடேட்டட்ங்கிற கம்பெனி கைக்கு போனதுக்கு அப்புறம் வந்தது. பழைய கென்மோர் டாப் லோடர்ல பாத்தா எங்க பாத்தாலும் 110 தான் வரும்.

மிச்சிகன்ல இருக்கீங்க, அதனால சொல்றேன், செயின்ட் ஜோசஃப் ஊர்ல நைன்டீன் ஹண்ட்ரட் கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி இருந்துச்சு, அவங்க 1947-ல ஆட்டோமேட்டிக் மெஷினை முதல்ல சியர்ஸுக்குத்தான் குடுத்தாங்க, கென்மோர் பேர்ல. அடுத்த வருஷம் அதையே வேர்ல்பூல்னு தங்க பேர்ல வித்தாங்க, அப்புறம் கம்பெனி பேரே வேர்ல்பூல் ஆயிடுச்சு. அதாவது தம்பி சொல்ற ஸ்டிக்கர் மாத்துற வேலை முதல் நாள்லேர்ந்தே நடந்திருக்கு.

ஆனா "எல்லாமே ஒரே மெஷின்"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் சண்டை. நாளைக்கு எழுதறேன், தூக்கம் வருது.

மார்ச் 3

விஷயத்துக்கு வரேன். ஒரு டாப் லோடர்ல ஒரே ஒரு மோட்டார். அது ரெண்டு வேலை செய்யணும். துவைக்கும்போது நடுவுல இருக்க அஜிடேட்டர், அதாவது துணியைக் கலக்குற கம்பம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடணும், தொட்டி சும்மா நிக்கணும். பிழியும்போது தொட்டியே ஒரே பக்கமா வேகமா சுத்தணும். ஒரே மோட்டார் எப்படி இதுலேர்ந்து அதுக்கு மாறுது? இந்த ஒரு கேள்விக்கு ஒவ்வொரு கம்பெனியும் வேற வேற விடை வெச்சிருந்தான், பேட்டன்ட் இருக்கறதால அடுத்தவன் விடையை அப்படியே எடுக்கவும் முடியாது. அதனாலதான் பேனலு, பட்டன், கலரு எல்லாத்தையும் பாக்காம இதை மட்டும் பாத்தா போதும், அப்பன் பேரு தெரிஞ்சிடும்.

வேர்ல்பூல் பெல்ட் டிரைவ் (அதாவது பழைய கென்மோர்): மோட்டார் எப்பவும் ஒரே திசைல ஓடும். கியர்பாக்ஸ் மேல விக்-வேக்னு ஒரு சாமான், ரெண்டு சோலனாய்டு (கரன்ட் குடுத்தா காந்தமாகுற காயில்) சேந்தது, ஒண்ணு துவைக்க, ஒண்ணு பிழிய. மோட்டார் ஓடுற வரைக்கும் அது பாட்டுக்கு முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருக்கும். டைமர் எந்தக் காயிலுக்கு கரன்ட் குடுக்குதோ அதோட பின்னு விழும், கேம் பார்ங்கிற இரும்புப் பட்டை நகரும், வேலை மாறும். மெஷினைப் பின்னாடிலேர்ந்து டார்ச் அடிச்சு பாத்தா ஒயரு தொங்கிக்கிட்டு ஆடறது தெரியும். ஆடி ஆடி அந்த ஒயரு உள்ளுக்குள்ள அறுந்து போறதுதான் இந்த டிசைனோட பேர்போன வியாதி. மேல பிளாஸ்டிக் உறை நல்லாவே இருக்கும், உள்ள செம்பு அறுந்திருக்கும், ஆளுங்க டைமரை மாத்திட்டு உக்காந்திருப்பாங்க.

மேடாக்: மோட்டாரே திசை மாத்தும். ஒரு பக்கம் ஓடுனா துவைக்கும், மறுபக்கம் ஓடுனா பிழியும். சோலனாய்டே கெடையாது. அடியில இருக்க பெரிய புல்லி ஒரு சாய்வான மரைல உக்காந்திருக்கு, ஒரு திசைல சுத்துனா ஒரு முட்டுல போய் நின்னு தண்டை ஓட்டும், எதிர்த் திசைல சுத்துனா பாட்டில் மூடியைத் திருகுற மாதிரி ஏறி பிரேக்கை விடுவிச்சிடும், தொட்டி சுத்த ஆரம்பிச்சிடும். அவ்ளோதான் மொத்த மூளையும். இதைத்தான் ஹெலிக்கல் டிரைவ்னு விளம்பரம் பண்ணாங்க. அயோவாவுல நியூட்டன்னு ஒரு ஊர், அங்க செஞ்சது.

இன்னும் ரெண்டு மூணு ஜாதி இருக்கு, தனியா எழுதறேன்.

மார்ச் 3, பத்து நிமிஷம் கழிச்சு

மேடாக்ல மோட்டார் ஒரு நகர்ற தட்டுல ஸ்பிரிங் போட்டு உக்காந்திருக்கும், இதைச் சொல்லாம விட்டா பாவம். தண்ணி நெறஞ்ச தொட்டியை எடுத்த எடுப்புல வேகமா சுத்த முடியாதுல்ல, அதனால பெல்ட் கொஞ்ச நேரம் வழுக்கணும், வழுக்கத்தான் செஞ்சிருக்கான். தனி கிளட்ச் கெடையாது, அந்த வழுக்கலே கிளட்ச். அதனாலதான் ஆட்டோ பார்ட்ஸ் கடையில அளவு பாத்து வாங்குன நல்ல புடிமானமான பெல்ட்டை இதுல போடக்கூடாது. "விலை கம்மி, இன்னும் ஸ்ட்ராங்கா இருக்கும்"னு ஒருத்தர் சொன்னா அவருக்கு ஒரு காபி வாங்கிக் குடுத்து அனுப்பிடுங்க.

மார்ச் 5

தம்பி கேக்கறார், "கழட்டாம தெரிஞ்சுக்க வழி இல்லையா? வாடகை வீடு, ஏதாவது ஆச்சுன்னா டெபாசிட் போயிடும்."

இருக்கு. காது போதும். துவைச்சு முடியற நேரத்துக்கு பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காருங்க.

மோட்டார் சத்தம் நிக்கவே இல்ல, அஜிடேட்டர் மட்டும் நின்னுடுச்சு, தண்ணி வெளிய போகுது, தொட்டி அசையாம நிக்குது, எல்லாம் வடிஞ்சப்புறம் அடியில "டொக்"னு ஒரு அடி, அதுக்கப்புறம்தான் சுத்துது. அப்படின்னா வேர்ல்பூல் பெல்ட் டிரைவ்.

மோட்டார் சுத்தமா நின்னு, ஒரு இடைவெளி விட்டு, மறுபடி கிளம்பும்போதே தொட்டி தண்ணியோட சேந்து மெதுவா சுத்த ஆரம்பிச்சு, வடிய வடிய வேகம் ஏறுதுன்னா மேடாக்.

மோட்டார் நின்னு, திரும்ப ஓடி தண்ணியை மட்டும் வெளிய தள்ளி, திரும்ப ஒரு தடவை நின்னு அப்புறம் சுத்துதுன்னா வேர்ல்பூல் டைரக்ட் டிரைவா இருக்க வாய்ப்பு அதிகம். இது 1980களோட தொடக்கத்துல வந்தது, பெல்ட்டே கெடையாது. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல மும்மூணு முளை வெச்ச ரெண்டு பிளாஸ்டிக் துண்டு, நடுவுல ஒரு ரப்பர். மோட்டாரோட மறுமுனைல பம்ப்பு, ரெண்டு கிளிப்ல நிக்குது. அந்த பிளாஸ்டிக் கப்ளர் வேணும்னே பலவீனமா வெச்சது, ஓவர்லோடு ஆனா அது உடையும், கியர்பாக்ஸ் பொழைச்சுக்கும். விலையும் சில டாலர்தான். இதுக்குப் போய் "அந்தக் காலத்து இரும்பு எங்க, இந்த பிளாஸ்டிக் எங்க"ன்னு பொலம்பறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் வரும்.

மார்ச் 6

இன்னொருத்தர் தனியா எழுதி, கழட்டுனாலும் பரவால்ல, எங்க புடிச்சு கழட்டறதுன்னு கேட்டிருக்கார். இதுவும் ஒரு அடையாளம்தான். வேர்ல்பூல் பெல்ட் டிரைவ்ல மேல் தகட்டோட முன்பக்க ரெண்டு மூலையில புட்டி கத்தியை விட்டு கிளிப்பை அமுக்குனா மூடி மொத்தமும் பின்னாடி சாயும். டைரக்ட் டிரைவ்ல கன்சோலோட (பட்டன் இருக்க மேல் பேனல்) ரெண்டு பக்கமும் ஸ்குரூ, கன்சோலை மேல தூக்கி சாச்சு, பின்னாடி ரெண்டு பித்தளை நிற கிளிப்பை எடுத்தா முழு பெட்டியும் முன்பக்கமா கையோட வந்துடும், மெஷின் உள்ளாடையோட நிக்கும். மேடாக்ல முன் தகட்டுக்கு கீழ ரெண்டு ஸ்குரூ, எடுத்தா முன்பக்கம் மட்டும் கழண்டு வரும்.

பிளக்கைப் புடுங்கிட்டு செய்யுங்க. தகட்டு விளிம்பு பிளேடு. கையுறை இல்லாம நான் ஒரு மெஷின் அடியில கையை விட்டு வாங்குன தழும்பு இன்னும் இருக்கு, கம்பெனி பேரைச் சொல்ல மாட்டேன், எல்லா கம்பெனி தகடும் அறுக்கும்.

மார்ச் 8

வேலூர்லேர்ந்து ஒரு அம்மா: "எங்க வீட்டு பழைய ட்வின் டப்ல இந்த வம்பே இல்லியே?"

ரொம்ப நல்ல கேள்விங்க. அதுல ரெண்டு மோட்டார் இருக்கு! அதான் வம்பே இல்ல. துவைக்கிற மோட்டார் பெல்ட் போட்டு வேகத்தைக் கொறைச்சு அடியில இருக்க பல்சேட்டர்ங்கிற தட்டைச் சுத்தும், திசை மாத்துறது டைமருக்குள்ள இருக்க சின்ன கேமும் சுவிட்சும். பிழியற மோட்டார் கூடைக்கு நேரா கீழ, நடுவுல கியரும் இல்ல ஒண்ணும் இல்ல, மூடியைத் தூக்குனா கேபிள் இழுத்து பிரேக் புடிக்கும். மாத்துற மூளை யாருன்னா நாமதான், துணியை ஒரு தொட்டிலேர்ந்து இன்னொரு தொட்டிக்கு தூக்கிப் போடற வேலைக்கு எத்தனை சோலனாய்டு ஈடாகும்.

இந்த வம்சம் அமெரிக்கா வழி இல்ல. 1948-ல வேல்ஸ்ல மெர்த்தர் டிட்ஃபில்னு ஒரு ஊர்ல ஹூவர் ஃபேக்டரி திறந்தாங்க, அங்க செஞ்ச சின்ன மெஷின்ல தொட்டியோட பக்கவாட்டுல ஒரு தட்டு சுத்தும், மேல கையால சுத்துற பிழியும் உருளை. அதைப் பாத்து ஜப்பான்ல சான்யோ 1953-ல எஸ்டபிள்யூ-53 போட்டாங்க, விலை 28,500 யென். அந்த சுத்துற தட்டு பக்கவாட்டுலேர்ந்து அடிக்கு எறங்கி ஜப்பான் முழுக்க பரவி, நம்ம ஊருக்கு 80கள், 90கள்ல வந்தது பெரும்பாலும் ஜப்பான்காரன் கூட்டுல வந்ததுதான். விதிவிலக்கு டிவிஎஸ் வேர்ல்பூல், அந்த ஃபேக்டரி புதுச்சேரில.

அந்த மெர்த்தர் ஃபேக்டரிலதான் 1985-ல சின்கிளேர் சி5-னு ஒரு மூணு சக்கர எலக்ட்ரிக் வண்டியும் பூட்டுனாங்க. அதுல வாஷிங் மெஷின் மோட்டார்தான் இருக்குன்னு ஊரே கிண்டல் பண்ணுச்சு, உண்மைல இல்ல. எங்கயோ போறேன்.

மார்ச் 9

ஆமா, ட்வின் டப்பை கேவலமா பேசல. பேசுன மாதிரி இருக்குன்னு ரெண்டு பேர் கோச்சுக்கிட்டாங்க. எங்க அம்மா ட்வின் டப் தவிர எதையும் நம்பமாட்டாங்க, ஒரே சோப்புத் தண்ணில மூணு லோடு எடுப்பாங்க, முதல்ல வெள்ளை, கடைசில கால்மிதி. எந்த ஆட்டோமேட்டிக்காலயும் அந்தத் தண்ணிக் கணக்கைத் தொட முடியாது.

மார்ச் 14

ஃபிரிஜிடேர் பத்தி எழுதாம எனக்கு நிம்மதி வராது. மத்தவன் எல்லாம் அஜிடேட்டரை பக்கவாட்டுல ஆட்டுனான்ல, இவன் மேலயும் கீழயும் குதிக்க விட்டான். ஜெனரல் மோட்டார்ஸ் வீட்டு மெஷின் அது, ஓஹையோ டேட்டன்ல செஞ்சது, 1947-ல யூனிமேட்டிக்னு வந்தது, கென்னத் சிசன்ங்கிற இன்ஜினியரோட டிசைன். நடு கம்பத்துல பல்சேட்டர் வளையம் உலக்கை குத்துற வேகத்துல இல்ல, அதுக்கும் பல மடங்கு வேகத்துல குதிக்கும், தண்ணி கொதிக்குதோன்னு தோணும். பிழியற வேகம் 1140 ஆர்பிஎம். அந்த வருஷத்துக்கு அது பைத்தியக்கார வேகம், மேடாக் பல வருஷம் கழிச்சும் 600 சொச்சத்துல ஓட்டிக்கிட்டிருந்தான். 1960களோட நடுவுல ரோலர்மேட்டிக்னு ஒண்ணு வந்துச்சு, பல்லு வெச்ச கியரே கெடையாது, உருளை மேல உருளை உரசி ஓடும்.

அடையாளம் கண்டுபிடிக்கிறவங்க இங்க ஏமாறக்கூடாது. 1979-ல ஜிஎம் ஃபிரிஜிடேரை வொய்ட் கன்சாலிடேட்டடுக்கு வித்துட்டான். பேரு தொடர்ந்துச்சு, உள்ள இருக்க மெஷின் மாறிடுச்சு, குதிக்கிற பல்சேட்டர் போச்சு. டேட்டன் பக்கத்துல மொரைன் ஃபேக்டரில அப்புறம் டிரக்கு செஞ்சாங்க, அதுவும் 2008-ல மூடி, இப்ப சீனாக்காரன் ஃபூயாவ் கார் கண்ணாடி செய்யறான். அதனால ஃபிரிஜிடேர்னு போர்டு பாத்து "ஜிஎம் மெஷின் சார், அபூர்வம்"னு எவனாவது நானூறு டாலர் சொன்னா, அஜிடேட்டரைப் பாருங்க. வளையம் வளையமா இருக்க ஒல்லிக் கம்பம்னா பேசலாம். அகலமா துடுப்பு வெச்சிருந்தா வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க.

மார்ச் 15

பக்கத்து வீட்டுக்காரரோட ஜிஇ சத்தியத்தை ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடலாம். பழைய ஜிஇ-ன்னா ஃபில்டர்-ஃப்ளோ. அஜிடேட்டர் தலைமேல ஒரு பிளாஸ்டிக் தட்டு உக்காந்திருக்கும், மேல ஒரு குழாய்லேர்ந்து தண்ணி சுத்தி சுத்தி வந்து அதுல விழும், நூலு பிசிறு எல்லாம் தட்டுல நிக்கும். தட்டு தொலைஞ்சிருந்தாலும் அந்தத் தண்ணி ஊத்துற வாய் உள் விளிம்புல தெரியும். கென்டக்கி லூயிவில்ல அப்ளையன்ஸ் பார்க்ல செஞ்சது, 1995 வரைக்கும் கூட இந்த டிசைன் ஓடுச்சு. இதுலயும் மோட்டார் திசை மாத்தும், ஆனா மேடாக் மாதிரி பெல்ட்டை வழுக்க விடாம மோட்டார் தண்டுல தனி கிளட்ச் வெச்சிருக்கான், அதே தண்டுக்குக் கீழ பம்ப்பு.

தம்பி மெஷின்ல தண்ணி ஊத்துற வாய் இருக்கா? இல்லன்னா பக்கத்து வீட்டுக்காரர் அவுட்.

மார்ச் 16

வாய் இல்லியாம். அவுட்.

மார்ச் 21

யாரோ ஒருத்தர், மேடாக் சதுரத் தொட்டி, மேல ரெண்டு ரப்பர் உருளை, விலை என்னன்னு போட்டோ அனுப்பியிருக்கார். விலை சொல்ல மாட்டேன், அது ஊரைப் பொறுத்தது. மாடல் சொல்றேன். அலுமினியத்துல சதுரமா வார்த்த தொட்டின்னா பெரும்பாலும் ஈ வரிசை. கடைசியில பி எழுத்து வந்தா பம்ப்பு இருக்குன்னு அர்த்தம், இல்லன்னா அடியில இருக்க ரப்பர் குழாயைத் தாழ்த்தி தண்ணியை எறக்கணும். ஆட்டோமேட்டிக் வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்த ரிங்கர் (உருளைல பிழியற) மெஷினை 1983 வரைக்கும் செஞ்சுக்கிட்டிருந்தாங்கன்னா நம்புவீங்களா.

கரன்ட் இல்லாத பண்ணை வீட்டுக்காக இதோட அடியில பெட்ரோல் இன்ஜின் வெச்சும் வித்தாங்க, மல்டி-மோட்டார், ஒத்தை சிலிண்டர் மாடல் 92, ரெட்டை சிலிண்டர் மாடல் 72. காலால ஒதைச்சு ஸ்டார்ட் பண்ணணும், புகையை ஒரு வளையற குழாய் வழியா சன்னலுக்கு வெளிய விடணும். ஓஹையோல ஆமிஷ் ஆளுங்க (பழைய முறைலயே வாழற ஒரு கிறிஸ்தவக் கூட்டம்) வாழற ஹோம்ஸ் கவுன்டி பக்கம் போனீங்கன்னா இன்னும் ரிங்கர்ல துவைக்கிற வீடுங்க இருக்கு, திங்கக்கிழமை காலைல கொடி நெறைய கருநீலமும் கறுப்புமா காயும்.

உருளைக்கு மேல ஒரு விடுவிப்புக் கட்டை இருக்கும், அதைத் தட்டுனா ரெண்டு உருளையும் விலகிடும். வாங்கறதுக்கு முன்னாடி அது வேலை செய்யுதான்னு பாருங்க. புடவை, துப்பட்டா, தொங்குற கை எதுவும் கிட்ட போகக்கூடாது. இதுல ஜோக்கு இல்ல.

மார்ச் 22

சென்னைக்கு ஒரு பழைய மேடாக்கை கன்டெய்னர்ல போட்டுக் கொண்டு போகணுமாம், டிரான்ஸ்ஃபார்மர் போதுமான்னு கேள்வி.

போதாது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாத்தும், ஹெர்ட்ஸை (கரன்ட் செகண்டுக்கு எத்தனை தடவை திசை மாறி வருதுங்கற கணக்கு) மாத்தாது. அமெரிக்காவுல 60 ஹெர்ட்ஸ், நம்ம ஊர்ல 50. நிமிஷத்துக்கு 1725 சுத்து சுத்துற மோட்டார் நம்ம ஊர்ல 1440 பக்கம்தான் சுத்தும். பிழியறது ஆறுல ஒரு பங்கு கொறையும். டைமர் மோட்டாரும் ஹெர்ட்ஸை நம்பித்தான் ஓடுது, பத்து நிமிஷம்னு வெச்சா பன்னெண்டு நிமிஷம் ஓடும். 120 வோல்ட்டை அப்படியே 50 ஹெர்ட்ஸ்ல குடுத்தா மோட்டார் சூடாகும், 100 வோல்ட் குடுக்குற டிரான்ஸ்ஃபார்மரா புடிச்சா சமாளிக்கலாம். இல்லன்னா 50 ஹெர்ட்ஸ் மோட்டாரே போட்டுக்கணும், புல்லி அளவும் மாத்தணும்.

இதையெல்லாம் விட பெரிய பிரச்சினை, ரெண்டாவது மாடிக்கு அதை யார் தூக்குறது.

மார்ச் 29

மேல மேடாக்கை ரொம்பத் தூக்கி வெச்சு எழுதியிருக்கேன்னு இப்ப படிக்கும்போது தோணுது. டிசைன் அழகுன்னா அதான், மறுபேச்சே இல்ல. சீரியல் நம்பர் கடைசியில ரெண்டு எழுத்து, அதை வெச்சு வருஷமும் மாசமும் சொல்லிடலாம், அதுவும் ஒரு சௌகரியம். நடுவுல வட்ட டயல் வெச்ச ஏ806-ஐ பாத்தா இன்னிக்கும் எனக்கு ஆசை வரும் (வீட்டம்மா இதைப் படிச்சுட்டா நான் பேஸ்மென்ட்லதான் படுக்கணும், அங்கயும் எடம் இல்ல). ஆனா முதல் தடவை ஸ்பேனர் எடுக்கறவங்களுக்கு நான் டைரக்ட் டிரைவைத்தான் கைல குடுப்பேன். பெட்டியைக் கழட்ட ரெண்டு ஸ்குரூ, பம்ப்புக்கு ரெண்டு கிளிப், எல்லாம் முன்பக்கமே. மேடாக்ல தொட்டிக்குக் கீழ இருக்க சீல் போச்சுன்னா பழகுன ஆளுக்கே வியர்க்கும்.

ஏப்ரல் 4

தம்பி ஒரு வழியா போட்டோ அனுப்பிட்டார். பின் தகடு இல்ல, உள்ள நல்லா தெரியுது. பெல்ட் இருக்கு. கியர்பாக்ஸ் மேல ரெண்டு காயில் பக்கத்து பக்கத்துல, ஒயரு வளைஞ்சு தொங்குது. ஓட விட்டு வீடியோவும் எடுத்திருக்கார், ஆடுது. தண்ணி வடியற வரைக்கும் தொட்டி நிக்குது, அப்புறம் டொக். போதாததுக்கு துரு லேபிள்ல மாவைத் தடவி டார்ச்சைச் சாச்சு அடிச்சதுல முதல் எண் 1, ரெண்டாவதும் 1. வேர்ல்பூல் பெல்ட் டிரைவ்தான். பெரியவர்கிட்ட மெதுவா சொல்லுங்க, மேடாக்னு நாப்பது வருஷமா சொல்லிக்கிட்டிருந்திருப்பார், இல்ல சொல்லாமலே விட்டுடுங்க, டெபாசிட் முக்கியம்.

வருஷத்தை இந்த போட்டோவை வெச்சு ஒரேயடியா சொல்ல மாட்டேன். 80கள்ல டைரக்ட் டிரைவ் வந்து எடத்தைப் புடிச்சுக்கிச்சு, அதனால அதுக்கு முந்தின ஆள்னு வெச்சுக்கலாம். பேனலை நேரா ஒரு போட்டோ எடுங்க, பாக்கலாம்.

அப்புறம் அந்த பெல்ட். போட்டோல ஓரம் பளபளன்னு இருக்கு, வெடிப்பும் தெரியுது, மாத்திடுங்க. புதுசு போட்டப்புறம் நடுவுல விரலால அமுக்குனா அரை இஞ்ச் போகணும், அதுக்கு மேல இறுக்கக்கூடாது. இறுக்கணும்னா மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி தள்ளுங்க, புல்லியை ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க.